கச்சேரி முடிந்த பிறகு வரும் அழுகை

பாட்டுக் கச்சேரிக்குப் போக முடியவில்லையே என்று ஒரு பெண் அழுதால் பெரியவர்களுக்குப் புரிகிறது. "பாவம், ஆசைப்பட்டாள்" என்று தேற்றுவார்கள். ஆனால் டிக்கெட் வாங்கி, நேரில் போய், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை நின்று கேட்டு, பத்திரமாக வீடு திரும்பிய ஒருத்தி அதற்குப் பிறகு அழுதாள் என்றால் யாருக்கும் புரிவதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பசிக்கிறது என்று அழுவதைப் போல இருக்கிறதே என்று கேலி செய்கிறார்கள். இந்தக் கேலி தவறு என்பது என் தாழ்மையான கருத்து.

முதல் வகைத் துக்கத்துக்கு ஒரு முகவரி உண்டு. 2023 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ. ஆர். ரகுமான் அவர்களின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி நடந்தது. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களில் பலர் நெரிசலில் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தவித்தவர்களைச் செய்திகளில் பார்த்தோம். ரகுமான் அவர்களே வருத்தம் தெரிவித்தார். டிக்கெட் நகலை அனுப்பினால் ஆவன செய்வதாகச் சொன்னார். பணமும் திருப்பித் தரப்பட்டது. சரி. ஆனால் அதே இரவில் நல்ல இடத்தில் அமர்ந்து எல்லாப் பாட்டையும் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் காரணம் தெரியாமல் கண் கலங்கியவரும் இருந்திருப்பார் அல்லவா? அவர் எந்த நகலை யாருக்கு அனுப்புவது?

என் பெரியப்பா மகள் அப்படிப்பட்டவள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கல்லூரி விடுதியில் இருந்த காலந்தொட்டுக் 'கோல்ட்பிளே' என்ற ஆங்கில இசைக்குழு என்றால் அவளுக்கு உயிர். லண்டனில் கல்லூரியில் படித்தபோது நான்கு இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய குழு அது. 2024 செப்டம்பரில் அவர்களுடைய மும்பை நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் விற்றபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் கணினியிலும் கைப்பேசியிலும் முண்டியடித்தார்களாம். அக்காவுக்குக் கிடைக்கவில்லை. பிறகு அகமதாபாத்தில் இரண்டு நாட்கள் சேர்த்தார்கள். அதில் ஒரு நாளுக்குக் கிடைத்தது. 2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, குடியரசு தினம்.

நரேந்திர மோடி கிரிக்கெட் மைதானம். ஒரு லட்சம் பேருக்கு மேல். அந்த நிகழ்ச்சியை நேரலையாகக் காட்டியதால் நாங்களும் இங்கே கொடைக்கானலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்தோம். ஒரு லட்சம் தலைகளுக்குள் அக்காவின் தலையைத் தேடியதுதான் எங்கள் வீட்டில் நடந்த வேடிக்கை. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு விளக்குப் பட்டை கட்டிவிடுகிறார்கள். பாட்டுக்கு ஏற்றபடி அத்தனை பட்டைகளும் ஒன்றாக நிறம் மாறுகின்றன. மலையிலிருந்து இரவில் கீழே சமவெளி ஊர்களைப் பார்த்தால் தெரியுமே, அந்த விளக்குகள் எல்லாம் தாளம் போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. முடிந்தபின் அந்தப் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஊரில் வேறொருவர் கையில் அது எரியும்.

அதற்கடுத்த வாரம் அக்கா ஊருக்கு வந்தாள். நாங்கள் கதை கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தோம். அவளோ இரண்டு வார்த்தை சொல்வதும், சன்னல் வழியே மேகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். இரவில் அழுதாள். "காசையும் குடுத்துட்டுக் கண்ணீரையும் குடுத்துட்டு வந்திருக்கா" என்று அப்பத்தா சிரித்தார்கள். ஒரு மாமா உடனே கரூர்ப் பக்கத்துச் சிறுமியர் கதையை எடுத்தார்.

இந்தக் கதையை உங்கள் வீட்டிலும் எடுத்திருப்பார்கள். 2024 ஜனவரியில், எட்டாம் வகுப்புப் படிக்கும் பதின்மூன்று வயதுச் சிறுமியர் மூவர், 'பி.டி.எஸ்.' என்ற கொரிய இசைக்குழுவைப் பார்ப்பதற்காக வீட்டில் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். கையில் பதினாலாயிரம் ரூபாய். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிக் கொரியா சேர்ந்துவிடலாம் என்பது திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் கண்டுபிடித்து மீட்டார்கள். இறைவன் காத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் செய்தது ஆபத்தான காரியம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தவர்கள் எல்லாரும் "செல்போன் கெடுத்துவிட்டது" என்று முடித்துவிட்டார்களே தவிர, ஒரு கிராமத்துப் பிள்ளை கடல் தாண்டத் துணியும் அளவுக்கு அந்தப் பாட்டில் எதைத் தேடினாள் என்று கேட்டதாகத் தெரியவில்லை. அக்காவிடமும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

அதற்குமுன் நானே சில காரணங்களைக் கற்பித்துப் பார்த்தேன். உடல் அசதியாக இருக்கலாம். இரண்டு நாள் பயணம், தூக்கமில்லை. நம் உயிரியல் பாடத்தில் வருகிறதே, அட்ரினலின், அவசரகாலத்தில் சுரக்கும் ஹார்மோன், அது ஏகமாகச் சுரந்து அடங்கிய பிறகு உடம்பு சோர்ந்துபோகும் என்று ஒரு தோழி சொன்னாள். இருக்கலாம். ஆனால் கணக்குப் பரீட்சை அன்றும் அதே அட்ரினலின்தான் சுரக்கிறது. "ஐயோ, பரீட்சை முடிந்துவிட்டதே!" என்று ஏங்கி அழுதவளை நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்தப் பாடகர்களைப் பிரிந்த ஏக்கமா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவர்கள் எட்ட, எறும்பு அளவில்தான் தெரிந்தார்களாம். பெரிய திரையில்தான் முகம் பார்த்தாளாம். அதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கலாம். அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் பாட்டைப் பாதியில் நிறுத்தி, எல்லாரும் கைப்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள் என்று கேட்பார்கள். அந்த ஒரு பாட்டுக்குத்தான் அக்காவிடம் படம் இல்லை. அந்த ஒரு பாட்டைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டு கையும் சும்மா இருந்ததால் வாயைத் திறந்து பாடினாளாம். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு குஜராத்தி அம்மாள், அவர்களும் பாடினார்களாம். பிறகு அக்கா சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. "பத்து வருஷம் கழிச்சு என் குரலை நானே கேட்டேன்டி" என்றாள்.

தோழியரே, அக்கா எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் ஒன்பதாம் வகுப்புவரை பாடியவள். இரண்டாம் குரலுக்கு அவளைப் போல் ஆள் கிடையாது என்று ஆர்மோனியம் வாசித்த அண்ணன் இன்றும் சொல்வார். பத்தாம் வகுப்பு வந்தது. பொதுத்தேர்வு என்று நிறுத்தினார்கள். பதினொன்றில் பாடம் அதிகம். பன்னிரண்டில் மறுபடி பொதுத்தேர்வு. கல்லூரியில் வெட்கம். வேலைக்குப் போனபிறகு அறையில் ஐந்து பெண்கள், இரவுப்பணி முடிந்து யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டே இருப்பாள். குளியலறையில்கூட முணுமுணுக்க முடியாது. காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் பிறர் பாடக் கேட்டாள். தான் பாடவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு லட்சம் பேருக்கு நடுவே, யாரும் தன்னைக் கவனிக்க மாட்டார்கள் என்ற துணிவில் வாய் திறந்தாள். இரண்டு மணி நேரத்தில் அதுவும் முடிந்தது. கைவிளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அழாமல் என்ன செய்வாள்?

பழைய பீட்டில்ஸ் குழுவைப் பற்றி அப்பாவின் புத்தகம் ஒன்றில் படித்தேன். ரசிகைகளின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்ற நிலை வந்து, 1966 ஆகஸ்ட் 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகர நிகழ்ச்சியோடு ஊர் ஊராகப் போய் வாசிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பாட்டுக் கேட்கப் போனவர்கள் பாட்டையே கேட்கவிடாமல் கத்தினார்களே, என்ன பைத்தியக்காரத்தனம் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெண்களும் வீட்டில் மெதுவாகப் பேசு என்று வளர்க்கப்பட்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது கேட்பது மட்டும் அல்ல.

இந்தத் துக்கம் வெளிநாட்டு இசைக்குழுக்களோடு இறக்குமதி ஆன சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் மலையில் இது வெகுகாலமாக உண்டு. மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க்கண்காட்சியும் கோடை விழாவும் முடிந்து, ஜூனில் ஏரிக்கரை காலியாகும்போது, கூட்டம் எப்போது தொலையும் என்று திட்டிக்கொண்டிருந்த நமக்கே என்னவோ போல் ஆகிறதே! ஆகஸ்ட் 15ஆம் நாள் சலேத் மாதா கோயில் தேர் நிலைக்கு வந்து, கொடியிறக்கமும் ஆனபிறகு அந்தக் குன்றிலிருந்து இறங்கி வரும்போது யாராவது சிரித்துப் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதாவே அழுத மாதா. 1846இல் பிரான்சு நாட்டு மலையில் ஆடு மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்குக் கைகளில் முகம் புதைத்து அழுத கோலத்தில்தான் காட்சி கொடுத்தார்கள். அழுகையை அவ்வளவு இலேசாகச் சிரித்துத் தள்ளுகிறவர்கள் அந்தச் சுரூபத்தின் முன் எப்படித்தான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களோ.

எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து போகிறவர். போகும்போது குழுவாகப் பாடிக்கொண்டே போவார்கள். திரும்பி வந்து மாலையைக் கழற்றியபிறகு ஒரு வாரம் வீட்டில் எதுவும் ஓடாது என்று அவரே சொல்வார். யாரும் அவரைப் பைத்தியம் என்பதில்லை. அவர் வயதானவர், ஆண்பிள்ளை, போனது சாமிக்கு. அக்கா போனது பாட்டுக்கு என்பதால் அவளுடைய வெறுமை மட்டும் கேலிக்குரியதா? பக்தியும் பொழுதுபோக்கும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சிஸ்டர் கோபிக்க வேண்டாம். பலர் சேர்ந்து ஒரே குரலாகிப் பிறகு தனித்தனியே வீடு திரும்பும் வருத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்கிறேன். ஆண்டவர் உருமாறியதைப் பார்த்த இராயப்பர்கூட மலையை விட்டு இறங்க மனமில்லாமல் அங்கேயே மூன்று கூடாரம் போட்டுவிடலாம் என்றாரே! அவரை ஆண்டவர் கேலி செய்யவில்லை. கூட்டிக்கொண்டு இறங்கினார்.

சிரித்த அப்பத்தாவுக்கும் இது தெரியாததல்ல. 2018இல் நம் மலைச்சரிவுகளில் குறிஞ்சி பூத்தபோது எனக்கு எட்டு வயது. குடும்பமாகப் பார்க்கப் போனோம். சரிவு முழுக்க நீலம். அப்பத்தா குழந்தை போல ஓடினார்கள். திரும்பும் வழியில் ஜீப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. பூத்து விதை விட்டதும் செடி மடிந்துபோகும், இனி 2030இல்தான் என்று அப்பா விளக்கிக்கொண்டு வந்தார். அப்பத்தா விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று அவர்களுக்கு வந்ததும் அக்காவுக்கு வந்ததும் வேறு வேறா? இதை அப்பத்தாவிடம் சொன்னேன். "அடிப் போடி" என்றார்கள். ஆனால் அன்றைக்கு ராத்திரி அக்காவைத் தம் கட்டிலிலேயே படுக்க வைத்துக்கொண்டார்கள்.

வருத்தப்படுகிறவளிடம் "அடுத்த நிகழ்ச்சிக்குப் போகலாம்" என்று சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அகமதாபாத்துக்கு எத்தனை தடவை போவது? சம்பளம் தாங்குமா? பெரிய மைதானத்தில் ஒரு தடவை பாடக் கிடைப்பதைவிடச் சின்னக் கோயிலில் வாராவாரம் பாடக் கிடைப்பது மேல். அக்காவைப் பெங்களூரில் தமிழ்ப் பூசை நடக்கும் கோயில் எதிலாவது பாடகர் குழுவில் சேரச் சொன்னேன். "குரல் போச்சுடி, வெட்கமா இருக்கு" என்கிறாள். பத்து ஆண்டுக்கு முன் ஒரு பரீட்சைக்காக நிறுத்தியது, பத்து மாதத்தில் திரும்பிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

இப்போது நான் பத்தாம் வகுப்பு. என் வகுப்பில் பாடக்கூடியவர்கள் பலரை ஜூன் மாதத்தோடு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பெற்றோரைக் குறை சொல்லவில்லை. மதிப்பெண் பயம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் நான் ஒரு கணக்குப் போட்டேன். சனிக்கிழமைப் பயிற்சி ஒன்றரை மணி நேரம். ஜூன் முதல் மார்ச் வரை நாற்பது வாரம். ஆக மொத்தம் அறுபது மணி நேரம். அந்த அறுபது மணி நேரத்தையும் வீட்டில் உட்கார வைத்தால் நான் சமூக அறிவியல் படிப்பேன் என்று அம்மா நம்புகிறார்கள். என்னை எனக்குத் தெரியும். பாதி நேரம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பிறர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கிறிஸ்துமஸ் பாடல்களுக்கு நவம்பரில் பயிற்சி தொடங்கும். இரண்டாம் குரலுக்கு இந்த ஆண்டு இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். அம்மா எனக்கு அனுமதி தந்துவிட்டார்கள், அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் வரும்வரை.