சாமை ஒரு பங்கு, காய் இரண்டு பங்கு!

கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை. அந்த மலைச் சாமையை அரிசிக்குப் பதிலாகப் போட்டுவிட்டால் சுகர் பயமில்லை என்று தட்டு நிறையச் சாப்பிடுபவர்கள் உண்டு. சாமையிலும் இருப்பது மாவுச்சத்துதான். அளவைக் குறைத்து, காயைக் கூட்டுங்கள்.

நான்கு பேருக்கு 1 டம்ளர் சாமை, கால் டம்ளர் பாசிப்பருப்பு. காய் மட்டும் 2 டம்ளர். அவரை, கத்தரி, கேரட், பூசணி என வீட்டில் எது இருந்தாலும் சரி. சாமையில் கல் கிடக்கும். இரண்டு மூன்று முறை அரித்து, 20 நிமிடம் ஊறவையுங்கள். சோம்பல்பட்டு இதை விட்டால், முதல் வாயிலேயே பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள்!

குக்கரில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம் தாளித்து, சின்ன வெங்காயம், தக்காளி வதக்குங்கள். காய், சாம்பார் பொடி 2 டீஸ்பூன், மஞ்சள் தூள், உப்பு சேர்த்து 4 டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். கொதித்ததும் சாமை, பருப்பு. மூன்று விசில் போதும். திறந்ததும் தளதளவென்றுதான் இருக்கும். ஆற ஆற இறுகும். முருங்கைக்கீரையைக் கடைசியில் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் கிளறுங்கள்.

காயைப் பொறுக்கி ஓரம் வைக்கும் குழந்தை இருந்தால், கத்தரியையும் பூசணியையும் பொடியாக நறுக்குங்கள். பருப்போடு குழைந்து, கண்ணுக்கே தெரியாது. தொட்டுக்கொள்ள சுட்ட அப்பளம்.