ஏழைகளின் படகும் கூடுதல் குதிரைத்திறனும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

மூஸா (அலை) அவர்களும் கிழ்ர் (அலை) அவர்களும் ஏறிச் சென்ற படகைப் பற்றித் திருக்குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயம் பேசுகிறது. அது கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளுக்குச் சொந்தமானது. நல்ல நிலையிலுள்ள படகுகளையெல்லாம் அபகரிக்கும் ஓர் அரசன் அப்பக்கம் இருந்தான். ஆகவே கிழ்ர் (அலை) அவர்கள் அப்படகில் ஒரு குறையை உண்டாக்கினார்கள். குறையோடு இருந்தாலும் ஏழையின் படகு ஏழையின் கையிலேயே இருக்கட்டும் என்பதே அதன் நோக்கம் (18:79). பழைய அவுட்போர்டு மோட்டாரைக் கழற்றிவிட்டு, அதைவிடத் திறன் மிக்க ஒன்றைப் பூட்ட வேண்டும் என்னும் ஆவல் நம் கடற்கரைகளில் பெருகிவரும் இவ்வேளையில், இந்தச் செய்தியை நாம் நினைவுகூர வேண்டியிருக்கிறது.

மண்டபம், பாம்பன், இராமேசுவரம், தொண்டி எனப் பல ஊர்களில் நம் சமுதாயக் குடும்பங்கள் கடலை நம்பி வாழ்கின்றன. அவர்கள் மோட்டாரை மாற்ற விரும்புவதில் தவறேதும் இல்லை. காற்று திரும்பும் நேரத்தில் நடுக்கடலில் நின்றுபோகும் மோட்டார் உயிருக்கே ஆபத்தானது. ஏலம் முடிந்தபின் கரை சேரும் மீனுக்கு உரிய விலை கிடைப்பதில்லை. தேய்ந்துபோன மோட்டாரை மாற்றுவது தேவை. அண்டைப் படகுக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காகப் பெரியதை வாங்குவது போட்டி. இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதற்கடமை.

குதிரைத்திறன் இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பாகும் என்று பலரும் எண்ணுகின்றனர். நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் கனமான வள்ளத்தில் அவ்வாறு நடப்பதில்லை. அதன் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் வேண்டும். திறனை மட்டும் இரட்டித்தால் வேகம் கால் பங்கு அளவே கூடும். லேசான ஃபைபர் படகு வெறுமையாகச் செல்லும்போது நீர்மேல் எழும்பி விரையலாம். ஆனால் வலையும் பனிக்கட்டியும் மீனும் ஏறியபின் அதுவும் கனமான படகுதான். மேலும், பெரிய மோட்டாரின் எடை முழுவதும் அமரத்தில்தான் அமர்கிறது. சிறிய மோட்டாருக்கென அமைத்த பின்பலகை அந்த எடையையும் உந்துதலையும் தாங்காமல் விரிசல் விடலாம். அமரம் தாழ்ந்தால் பின்னாலிருந்து வரும் அலை எளிதில் உள்ளே ஏறும். அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, வளைந்த விசிறியை மாற்றினாலே பழைய மோட்டார் இழந்த வேகத்தில் ஒரு பகுதி திரும்பிவிடும். அதற்கு ஆகும் செலவு புதிய மோட்டாரின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

எரிபொருளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்டுப்படகுகளுக்கான மானிய மண்ணெண்ணெய் ஆண்டுக்கு 3,400 லிட்டரிலிருந்து 3,700 லிட்டராக உயர்த்தப்படும் என 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். பெரிய மோட்டார் குடிக்கும் கூடுதல் எரிபொருளுக்கு ஏற்ப இந்த அளவு கூடாது. மிஞ்சியதை வெளிச்சந்தையில்தான் வாங்க வேண்டும்.

கடலோ எல்லோருக்கும் பொதுவானது. ஒருவர் வேகத்தைக் கூட்டினால் மற்றவரும் கூட்டுவார். இறுதியில் அனைவரும் முன்பிருந்த இடத்திலேயே நிற்பர், எரிபொருள் செலவு மட்டுமே ஏறியிருக்கும். மீன் பெருகியிராது. இதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு என்னும் ஏற்பாடு 1970-களின் பிற்பகுதியில் உருவானது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள பகுதியை விசைப்படகுகளிடமிருந்து காத்தது. 2020-ஆம் ஆண்டு விதிகள் விசைப்படகுகளின் எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் என்று வரம்பிட்டன. பெரிய படகுகளின் அத்துமீறலைக் கண்டிக்கும் நாம், நம் சிறிய படகுகளுக்குள் அதே பந்தயத்தை வளர்ப்பது முறையாகுமா? அளவையில் வரம்பு மீறாதீர்கள் என்னும் இறைக்கட்டளை தராசுக்கடைக்கு மட்டும் உரியதன்று.

எல்லாவற்றினும் பெரியது கடன். வியாபாரியிடம் முன்பணம் பெற்று மோட்டார் வாங்குபவர், பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கும் நிலைக்கு ஆளாகிறார். வட்டி என்ற சொல் அங்கே ஒலிப்பதில்லை. ஆனால் கடன் கொடுத்தவர் அந்தக் கடனைக் காட்டி ஆதாயம் அடைகிறார் என்றால், அது வட்டியின் வாசலே என்பதை மார்க்க அறிஞர்கள் தெளிவாக்கியுள்ளனர். மோட்டார் புதியது, படகு அவருடையது. பாடு மட்டும் பிறருக்குச் சொந்தம்! படகை அபகரிக்கும் அரசன் இன்று வாளோடு வருவதில்லை; கணக்குப் புத்தகத்தோடு வருகிறான்.

இதில் படகுக்காரரை மட்டும் குறை கூறி நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. வேறு வாசல் திறக்காதபோது அவர் அந்த வாசலைத் தட்டுகிறார். திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவும் நம் பைத்துல்மால்கள், தொழிற்கருவிக்கும் அழகிய கடன் வழங்க முன்வர வேண்டும். படகின் உடலையும் அமரத்தையும் ஓர் ஓடாவி பார்த்து, எத்தனைக் குதிரைத்திறன் தாங்கும் என்று சொல்லட்டும். அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்க ஜமாஅத்தின் படித்த இளைஞர்கள் துணை நிற்கட்டும். பகரா அத்தியாயம் (2:282) கற்பிப்பதுபோல் கடனைச் சாட்சிகளோடு எழுதிக்கொள்ளட்டும். மீன்பாடு குறைந்த மாதங்களில் தவணையைத் தள்ளிவைக்கும் பெருந்தன்மையும் அதில் இடம்பெறட்டும். இந்தப் பேச்சில் வீட்டுப் பெண்களுக்கும் இடம் வேண்டும். அடகுக்குப் போவது பெரும்பாலும் அவர்களுடைய நகைதானே?

தேவைக்கு ஏற்ற மோட்டார், படகுக்கு ஏற்ற எடை, வட்டி கலவாத பணம் ஆகிய மூன்றும் பொருந்தினால் பூட்டுங்கள். அல்லாஹ் பரக்கத் செய்வான். ஒன்று குறைந்தாலும் சற்றுப் பொறுங்கள். கடலுக்குச் செல்லும் நம் சகோதரர்கள் அனைவரும் ஹலாலான ரிஸ்க்கோடும் நலத்தோடும் கரை திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.