மெத்தையின் எடையும் முதியோரின் முதுகும்

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையன்று பரமக்குடியில் எங்கள் தெருவுக்கு ரேஷன் கடையின் வண்டி வந்து நின்று, வயது முதிர்ந்தவர்களின் வாசற்படியிலேயே மின்னணுத் தராசை வைத்து அரிசியும் பருப்பும் சர்க்கரையும் நிறுத்துக் கொடுக்கிற காட்சியைக் காணும் எவரும், முதுமையின் மெய்யான சிரமம் ஒன்றை அரசாங்கம் வெகு காலம் கழித்தேனும் கண்டுகொண்டது என்ற திருப்தியை அடையாமல் இருக்க முடியாது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய இந்தத் தாயுமானவர் திட்டம், தமிழ்நாடு முழுவதிலும் 20 லட்சத்துக்கும் அதிகமான முதியோரை உத்தேசித்தது. தள்ளாத வயதில் ஒருவர் சுமை தூக்கலாகாது என்ற எளிய நியாயமே அதன் அஸ்திவாரம். அந்த நியாயத்தை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். ஆனால், இனி நம் முதியோர் சுமை தூக்க வேண்டிய அவசியமே இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறவர்களின் பேச்சைக் கேட்கும்போது என் பொறுமை எல்லை கடந்துவிடுகிறது. ஏனென்றால் அந்த நியாயம் வாசற்படியோடு நின்றுவிட்டது. வாசலைத் தாண்டிக் கூடத்தையும் கடந்து படுக்கையறைக்குள் நுழைந்து பார்த்தால், அரிசி மூட்டையைவிடக் கனமான ஒரு சுமை அங்கே விரிப்பு போர்த்திப் படுத்திருக்கிறது. அதன் பெயர் மெத்தை.

சென்ற முறை வண்டி வந்துபோன அதே பிற்பகலில், பக்கத்து வீட்டிலிருந்து, "தம்பி, கொஞ்சம் வந்து ஒரு கை குடுங்க" என்று குரல் வந்தது. அழைத்தவர் நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து சேலை நெய்தவர். வயது எழுபத்து நான்கு. மிதிகட்டையை மிதித்து மிதித்து முழங்காலும், நாடாவை இழுத்து இழுத்து வலது தோளும் தேய்ந்துபோனவர். வெளியூரில் வேலை பார்க்கும் மகன், பெற்றோர் சௌகரியமாகத் தூங்கட்டும் என்ற பாசத்தோடு தீபாவளிக்கு வாங்கி அனுப்பிய காயர் மெத்தை அந்த வீட்டுக் கட்டிலை அடைத்துக்கொண்டு கிடந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட வேண்டும் என்று உத்தரவாத அட்டையில் அச்சிட்டிருந்தபடியால், அவர் மனைவியான அம்மாள் பக்கவாட்டு விளிம்பைப் பிடித்துத் தூக்க, அவர் எதிர்ப்புறத்திலிருந்து இழுத்திருக்கிறார். பக்கத்தில் தைத்திருந்த துணிப்பிடி ஒன்று கையோடு பிய்ந்து வந்துவிட்டது. நான் உள்ளே நுழைந்தபோது மெத்தை பாதி நிமிர்ந்து, மின்விசிறியின் இறக்கைக்கு ஒரு சாண் கீழே ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதன் அடியில் தோள்கொடுத்து நின்றார். அம்மாள், "விட்ருங்க, விட்ருங்க, கீழ போட்ருங்க" என்று பதறிக்கொண்டிருந்தார். எனக்கும் அறுபத்தெட்டு வயது. மூவரும் சேர்ந்து அதைக் கிடத்தினோமே தவிர, திருப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாசகர்களும் பொறுமையோடு என்னுடன் போட்டுப் பார்க்க வேண்டும். ஆறரை அடி நீளம், ஆறடி அகலம், ஆறு அங்குலக் கனம் உள்ள மெத்தையின் கொள்ளளவு 19.5 கன அடி, அதாவது 0.55 கன மீட்டர். ரப்பர்ப் பாலில் தோய்த்து இறுக்கிய தென்னைநாரின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், மெத்தையின் எடை 44 கிலோ ஆகிறது. அந்தியோதயா குடும்ப அட்டைக்கு மாதம் முழுவதற்கும் கிடைக்கும் அரிசியே 35 கிலோதான். அந்த 35 கிலோவை ஒரு முதியவர் சுமக்கலாகாது என்று அரசாங்கம் ஒரு வண்டியையும் ஆட்களையும் தராசையும் அனுப்புகிறது. உள்ளே கிடக்கும் 44 கிலோவைப் புரட்டுவதற்கு அவரையும் அவர் மனைவியையும் தவிர வேறு ஆள் இல்லை. ஒரு விளிம்பை மட்டும் தூக்கினாலும் ஆரம்பத்தில் கைக்கு வருவது பாதிப் பாரம், 22 கிலோ. அதுவும் இடுப்பை வளைத்து, கைகளை முன்னே நீட்டி, கட்டிலின் சட்டம் முழங்காலை இடிக்க நின்று தூக்க வேண்டிய 22 கிலோ.

தூக்காமல் படுத்த வாக்கிலேயே சுழற்றலாமே என்று யோசனை சொல்வோர் உண்டு. அதற்கும் கணக்கு இருக்கிறது. ஆறரைக்கு ஆறு அடி மெத்தையின் மூலைவிட்டம் ஏறக்குறைய 8.85 அடி, சுழலும்போது அத்தனை அடி வட்டம் காலியாக இருந்தாக வேண்டும். நம் ஊரில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு பீரோவையும் நிறுத்திவிட்ட பிறகு அந்த வட்டத்துக்கு இடம் எங்கே? ஆகவே நிமிர்த்தித்தான் தீர வேண்டும். நிமிர்த்தினால் மேலே மின்விசிறி.

திருப்பாமலே விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதும் அனுபவத்தில் தெரிந்த விஷயமே. உடலின் கனம் இடுப்பிலும் தோளிலும் அதிகமாக இறங்குவதால், தினமும் ஒரே இடத்தில் படுக்கும் முதியவரின் இடுப்புக்குக் கீழே நார் நசுங்கிக் குழி விழுகிறது. குழிக்குள் முதுகு வளைகிறது. விடியற்காலையில் எழுந்திருக்கும்போது கைக்குப் பிடிமானம் இல்லாமல் விளிம்பு சரிகிறது. சித்திரை வெக்கையில் இரவெல்லாம் வியர்க்கும் எங்கள் பக்கத்தில், அந்த ஈரம் அடியிலேயே தங்கிப் புழுங்குவதால் வாடையும், நாளடைவில் நாரும் ரப்பரும் உதிர்ந்த தூசியும் சேர்கின்றன. எனவே திருப்பச் சொல்கிற உத்தரவாத அட்டை பொய் சொல்லவில்லை. யார் திருப்புவது என்பதைத்தான் அது சொல்லவில்லை.

இந்தப் பிரச்சினை நம் முன்னோருக்கு ஏன் இல்லை என்று யோசித்தால் ஒரு முக்கியமான உண்மை புலப்படும். திருப்பாவை பேசும் பஞ்சசயனத்துக்கு அழகு, குளிர்ச்சி, மென்மை, பரிமளம், வெண்மை என்று ஐந்து குணங்களை உரையாசிரியர்கள் எடுத்துக் காட்டினார்கள். எடையைப் பற்றி அவர்கள் பேசவில்லை. அரண்மனையில் அதைத் தட்டி விரிப்பதற்கு ஏவலர் இருந்தார்கள். சாமானிய ஜனங்களுக்கோ கோரைப்பாய் இருந்தது. ஒரு குழந்தைகூட அதைச் சுருட்டி மூலையில் சாத்திவிடும். இடைநிலையில் இருந்தவர்களுக்கு இலவம்பஞ்சு மெத்தை இருந்தது. இலவம்பஞ்சின் இழை உள்ளே கூடானது. அந்தக் கூட்டுக்குள் அடைபட்ட காற்றின் காரணமாகவே அது மிகவும் இலேசானது. ஜாவாவிலிருந்து அதைத் தருவித்து, கடலில் விழுந்த மாலுமிகள் மிதப்பதற்கான உயிர்காப்பு அங்கிகளில் அடைத்தார்கள் மேல்நாட்டார். நம் போடிநாயக்கனூரிலிருந்து அது மூட்டை மூட்டையாக ஊர்களுக்கு வந்தது. பஞ்சு நசுங்கிப்போனால் மொட்டைமாடியில் ஒரு நாள் வெயிலில் போட்டு எடுத்தாலே மறுபடி உப்பிவிடும். மிகவும் கட்டிதட்டினால் தையலைப் பிரித்து, கொட்டி, புதுப் பஞ்சு கொஞ்சம் சேர்த்து மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

இதில் நான் முதன்மையாகக் கருதுவது பஞ்சின் குணத்தை அல்ல, வியாபாரத்தின் முறையை. மெத்தை தைப்பவரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ பஞ்சு வைக்கணும்?" என்பதுதான். நம் கண்ணெதிரில் தராசில் பஞ்சை நிறுத்து, அந்த எடைக்கே விலை சொல்லி, அந்த எடையையே உறைக்குள் அடைத்துத் தைப்பார். வாங்குகிறவன் தான் எத்தனை கிலோவை வீட்டுக்கு எடுத்துப் போகிறான், வருங்காலத்தில் எத்தனை கிலோவை வெயிலுக்குத் தூக்கிப் போகப் போகிறான் என்பதை அந்த க்ஷணமே அறிந்திருந்தான். புதிய மெத்தை வியாபாரம் முதலாவதாக அப்புறப்படுத்தியது இந்தத் தராசைத்தான்.

சமையல் எரிவாயு உருளையைப் பாருங்கள்: காலி உருளையின் எடை இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது, அடைத்த வாயு 14.2 கிலோ என்பது எல்லாருக்கும் தெரியும். சிமென்ட் மூட்டையில் 50 கிலோ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பிஸ்கட் பொட்டலத்தில் கிராம் கணக்கு இருக்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011-ஆம் ஆண்டில் பொட்டலப் பொருள் விதிகள் வந்த பிறகும், மெத்தையில் அளவாக அச்சிடப்படுவதோ நீளமும் அகலமும் கனமும்தான். மனிதன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கிற பொருளின் எடையைச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. வியாபாரிகளுக்கு எடை என்றால் என்னவென்று தெரியாது என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. 2022 ஜூலையில், 25 கிலோவரை அடைத்து விற்கும் அரிசிக்கு 5 சதவீத வரி என்று அறிவித்த மாத்திரத்தில், சந்தைக்கு 26 கிலோ மூட்டை வந்து இறங்கியதை நாடே பார்த்தது. வரியைத் தவிர்ப்பதற்கு ஒரு கிலோவின் வித்தியாசத்தையும் கணக்குப் பார்க்கத் தெரிந்த சந்தைக்கு, ஒரு கிழவியின் முதுகுக்காக 44 என்ற இரண்டு இலக்கங்களை அச்சிடத் தெரியவில்லை என்றால், அதை அறியாமை என்று ஏற்க நான் தயாராயில்லை. அது மறைப்பு.

சுமைக்கு வரம்பு வேண்டும் என்பது புதிய தத்துவமும் அன்று. உடலுக்கு ஊறு விளைக்கக்கூடிய பாரத்தை எந்தத் தொழிலாளியையும் தூக்கச் செய்யலாகாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 34-ஆம் பிரிவில் விதித்தது. வயது வந்த ஓர் ஆண் தொழிலாளிக்கே உச்ச வரம்பு 55 கிலோ என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-இல் சிபாரிசு செய்து, பெண்களுக்கு அதைவிட வெகுவாகக் குறைக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. திடகாத்திரமான வாலிபனுக்குத் தொழிற்சாலையில் கிடைத்த பாதுகாப்பு, பக்கத்து வீட்டின் அறுபத்தொன்பது வயது அம்மாளுக்கு அவருடைய படுக்கையறையில் கிடைக்கவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று நான்கை எண்ணிச் சொன்னதே ஒழிய, படுக்கையின் பெயரைச் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் மறுப்புச் சொல்வோர் மூன்று வகையினர். திருப்பவே தேவையில்லாத நவீன மெத்தை வந்துவிட்டது என்பார் ஒரு சாரார். ஒரு பக்கம் மட்டுமே படுக்கக்கூடிய அந்த மெத்தைகளுக்கும் தலைமாட்டைக் கால்மாடாக மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை விளம்பரத்தில் மட்டுமே மெத்தையைப் பார்த்தவர்கள் அறியார். பிள்ளைகள் செய்யட்டும் என்பார் இன்னொரு சாரார். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கிற பிள்ளைகளைக் கட்டிலின் மறுமுனைக்கு எப்படி அழைப்பது என்று அவர்களே சொல்லட்டும். மெத்தை புரட்டுவதா அரசாங்கத்தின் வேலை என்று நகைப்பவர்கள் மூன்றாம் வகை. வீட்டு வாசலில் அரிசி கொடுப்பதா அரசாங்கத்தின் வேலை என்றும் இதே வாய்கள்தாம் நேற்றுவரை நகைத்தன. அவர்களுக்கு இதற்கு மேல் பதில் அநாவசியம்.

தமிழ்நாட்டின் ஜனத்தொகையில் அறுபது வயதைக் கடந்தோரின் பங்கு 2021-இல் 13.6 சதவீதம் என்றும், 2031-இல் 18.2 சதவீதம் ஆகும் என்றும் மத்திய அரசின் புள்ளியியல் அறிக்கை மதிப்பிட்டது. பத்து வருஷத்துக்குள் ஏழில் ஒருவர் என்பது ஏறக்குறைய ஐந்தில் ஒருவராக மாறப்போகிற ராஜ்யத்தில், கட்டில்கள் மட்டும் அகலமாகிக்கொண்டும் மெத்தைகள் தடித்துக்கொண்டும் போவது எந்த விவேகத்தில் சேரும்?

செய்ய வேண்டியவை நான்கு. விற்கிற ஒவ்வொரு மெத்தையிலும் அதன் எடை, நீள அகலத்தைவிடப் பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். 20 கிலோவுக்கு மேற்பட்ட மெத்தையை இரண்டு துண்டுகளாகச் செய்து, நடுவில் பட்டையால் பிணைத்தே விற்க வேண்டும். ஆறடி அகலத்துக்கு மூன்றடி மெத்தை இரண்டு போட்டால் தூக்கத்துக்கு எந்தக் குறைவும் வராது. கூட்டுறவுச் சங்கங்களால் தறியைத் தாங்கி நிற்கும் பரமக்குடி, எமனேஸ்வரம் போன்ற ஊர்களில், இலவம்பஞ்சு மெத்தை தைக்கும் தொழிலையும் அந்தச் சங்கங்களின் அரவணைப்பில் கொண்டுவர வேண்டும். மெத்தை உறைக்கான துணியை நெய்யும் கைகள் இங்கேயே இருக்கின்றன. கடைசியாக, அரிசி கொண்டுவரும் ஆட்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கேட்டுக்கொள்கிற முதியோரின் படுக்கையறைக்குள் சென்று மெத்தையைத் திருப்பிப் போட்டுவிட்டு வர வேண்டும். இரண்டு பேருக்கு அது ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷம் எத்தனையோ இடுப்பெலும்புகளை முறியாமல் காப்பாற்றும் என்பதிலும், எடை அச்சிடப்பட்ட மறு வருஷமே கனத்த மெத்தைகளில் பாதி விற்பனையாகாமல் கடையிலேயே தங்கிவிடும் என்பதிலும் எனக்கு லவலேசமும் சந்தேகமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் இப்போது கட்டிலில் படுப்பதில்லை. குழி விழுந்த பக்கத்தை மனைவிக்கு விடக் கூடாது என்று, தாம் படுத்திருந்த இடத்தில் பழைய போர்வையை மடித்து நிரவிவிட்டு, தரையில் கோரைப்பாய் விரித்துக்கொண்டார். பாய் இலேசானதுதான், ஆனால் தேய்ந்த முழங்காலோடு இரவில் இருமுறை தரையிலிருந்து எழுந்திருக்க, அவர் கட்டிலின் சட்டத்தைப் பற்றிக்கொண்டு எம்புகிற சத்தம் நடுவிலிருக்கும் ஒற்றைச் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கிறது. அடுத்த இரண்டாவது சனிக்கிழமை வண்டி வரும். தராசை வாசற்படியில் வைப்பார்கள். அதை இன்னும் பத்தடி உள்ளே கொண்டுபோக வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.