260ஆம் எண் ஏரியிலிருந்து

எங்கள் ஏரிக்கு நீங்கள் ஒரு பேர்கூட வைக்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து வடமேற்குக் காட்டில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் இது 260. அவ்வளவுதான். ஊர் இல்லை, ஆலை இல்லை, சாக்கடை இல்லை. அந்தச் சுத்தம்தான் எங்களுக்கு எமனாக வந்தது. வேறு அழுக்கு கலக்காத தண்ணீரில் ஒரே ஒரு விஷம் என்ன செய்கிறது என்று பிசிறில்லாமல் பார்க்கலாமாம்!

2001 முதல் 2003 வரை மூன்று கோடைகள் ஊற்றினீர்கள். கருத்தடை மாத்திரையில் இருக்கிற எத்தினைல் எஸ்ட்ரடையால். லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிக் கூறு போட்டு அதில் ஐந்தாறு. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. எங்கள் ரத்தத்துக்குத் தெரிந்தது.

நாங்கள் கெண்டைச் சாதி, விரல் நீளமுள்ள ஃபேட்ஹெட் மின்னோ. எங்களில் பிள்ளை காப்பது ஆண். முட்டையிடும் பருவத்தில் அவன் மூக்கில் முள் முள்ளாகப் பரு எழும்பும், பிடரி மெத்தென்று தடிக்கும். மூழ்கிய கட்டைக்கு அடியில் இடம் பிடிப்பான். பெண் வந்து கட்டையின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போவாள். அந்தப் பிடரியால் முட்டைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும், கிட்டே வருகிறவனை முட்டித் துரத்துவதும் பொரிக்கிற வரை அவன் பாடு.

அந்த ஆணின் உடம்பு முட்டைக் கருவுக்கான புரதத்தைச் சுரக்க ஆரம்பித்தது. வைட்டலோஜெனின் என்பீர்கள், சினை பிடிக்கும் பெண்ணுக்கு ஈரல் செய்து தருவது. ஆணுக்கு எதற்கு அது? ஆயிரக்கணக்கான மடங்கு ஏறியது. விந்தகம் வளராமல் நின்றது. சிலருக்கு அதற்குள்ளேயே முட்டை. பெண்களின் சினையும் கெட்டது. எங்களுக்கு ஆயுசே இரண்டு மூன்று வருஷம். 2002 இலையுதிர்காலத்தில் ஏரியில் குஞ்சையே காணோம். வம்சம் அற்றுப்போகிற நிலை. எங்களைத் தின்று வாழ்ந்த ட்ரௌட்டும் இரையில்லாமல் மெலிந்தது. மண்ணை வாரித் தூற்ற எங்களுக்குக் கையும் இல்லை.

ஊற்றுவதை நிறுத்திச் சில வருஷம் கழித்து மீண்டோம். அதனால்தான் இதைச் சொல்ல நான் இருக்கிறேன்.

கொன்றதற்குக்கூட இவ்வளவு வயிறு எரியவில்லை. சாக்கடை நீர் கலக்கும் இங்கிலாந்து ஆறுகளில் ஆண் ரோச் மீனின் விந்தகத்தில் முட்டை இருப்பதை 1998லேயே எழுதியாயிற்று. அது போதவில்லை, இனமே அழியுமா என்று பார்க்க எங்களைப் பிடித்தீர்கள். அழியும் என்று 2007இல் அச்சிலும் ஏற்றினீர்கள். சரி, எங்கள் சாவு சாட்சியாகட்டும். சாட்சியை வாங்கிக்கொண்டு என்ன செய்தீர்கள்? 2012இல் ஐரோப்பிய ஆணையம் தண்ணீரில் இந்த மருந்துக்கு வரம்பு கட்டலாம் என்றது. உடனே செலவுக் கணக்குப் பேசினார்கள். 2013இல் விஷயம் ‘கண்காணிப்புப் பட்டியலுக்கு’ப் போய்விட்டது. கண்காணித்தார்களாம்! இரண்டு வருஷ ஆயுசுக்காரன் எத்தனை தலைமுறை காத்துக் கிடப்பான்?

மாத்திரையின் மிச்சம் சாக்கடை வழியாகத்தான் ஆற்றுக்கு வருகிறது என்று, அதைச் சாப்பிடும் பெண்கள் மேல் பழியைத் தள்ளாதீர்கள். அவர்கள் உடம்பு, அவர்கள் உரிமை. அரைகுறையாகச் சுத்தம் செய்த சாக்கடையை ஆற்றில் திறந்துவிடுகிறவர்களைத்தான் கேட்கிறேன். சுத்திகரிக்கும்போது ஓசோனும் கரித்தூளும் சேர்த்தால் இந்த மருந்தைப் பெருமளவு நீக்கிவிடலாம். சுவிட்சர்லாந்தில் 2016 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களை ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். அங்கே முடிகிறது. மற்றவர்களுக்குக் காசு போட மனசில்லையென்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். இன்னும் ஆதாரம் வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.