அதிகாரிகளிடையே நம்பிக்கை வேண்டும்

கோர்வைப் பட்டு நெய்யும் நம் அங்கத்தினர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நாடா. கரைக்கு வேறு நாடா. தறியில் அமர்ந்தவர் ஒருவர். கரை நாடாவைத் திருப்பிக் கொடுப்பவர் இன்னொருவர். இருவர் கையும் ஒத்துப்போகாவிடில், கரையும் உடலும் சேருமிடத்தில் புடவை கெடும். அரசாங்கத்தை நடத்தும் தலைவர்களுக்கும் இது பொருந்தும் என்பதே என் அபிப்பிராயம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று ஆலைகள் வரிசையாய் நிற்கின்றன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உழவர் வீட்டுப் பெண்களும் அங்கே வேலைக்குச் செல்கின்றனர். நிலம் சிப்காட்டுடையது. கூலியும் சங்கமும் தொழிலாளர் இலாகாவைச் சேர்ந்தவை. இயந்திரப் பாதுகாப்பு ஓர் இலாகா, உணவு மற்றோர் இலாகா. ஏரி, சாலை, காவல் என இன்னும் சில. ஒரு தொழிலாளியின் ஒருநாள் வாழ்க்கை இத்தனை இலாகாக்களின் கைகளில் இருக்கிறது. அவை ஒன்றையொன்று நம்பாவிட்டால் நேரும் துன்பம் அத்தொழிலாளிக்கே.

2021 டிசம்பரில் நடந்ததை நாம் மறக்கலாகாது. பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்தனர் என்ற வதந்தி பரவியது. பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தனர். விடுதியின் இடநெருக்கடியும் சுகாதாரக் குறைவும் அதன் பிறகே ஊரறிய வந்தன. ஒவ்வோர் இலாகாவும் தன் பங்கை மட்டும் பார்த்து நின்றால், எவர் பங்கிலும் அடங்காத குறை எவர் கண்ணிலும் படாது.

அதே பகுதியில் ஒரு நல்ல உதாரணமும் உண்டு. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்குரிய குடியிருப்பைச் சிப்காட் ரூ.706.50 கோடிச் செலவில் கட்டியது. 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. நிலம், கடன், நீர், சாலை ஆகியவற்றைக் கையில் வைத்திருப்போர் சேர்ந்து உழைத்தாலன்றி இத்தகைய வேலை முடிவுபெறாது.

அடுத்த மாதமே வேறொரு சோதனை வந்தது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் செப்டம்பர் 9-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினர். தொழில், தொழிலாளர் நலம், சிறுதொழில் ஆகிய மூன்று இலாகாக்களின் அமைச்சர்களும் பேச்சுவார்த்தையில் ஈடுபட்டனர். மூவரும் சேர்ந்து முயன்றது போற்றத்தக்கது. ஆயினும் அக்டோபர் 7-ஆம் தேதி ஒரு பகுதித் தொழிலாளரோடு உடன்பாடு ஏற்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது, வேலைநிறுத்தத்தை நடத்திய சங்கம் அதை ஏற்கவில்லை. அக்டோபர் 15-ஆம் தேதிதான் முடிவு பிறந்தது. 37 நாட்கள் கடந்துவிட்டன. உரியவர் அனைவரும் அவையில் இல்லாத உடன்பாடு நிலைக்காது என்பதே இதன் பாடம்.

தொழில் அமைச்சர் முதலீட்டையும், தொழிலாளர் அமைச்சர் கூலியாளின் நலனையும் நினைப்பது இயல்பு. அது அவரவர் கடமை. ஒற்றுமை என்பது எல்லோரும் ஒரே கருத்துக் கொள்வதன்று. மாறுபட்ட கருத்தை அச்சமின்றி அறைக்குள் சொல்லவும், முடிவான பின் அதற்குக் கட்டுப்படவும் முடிவதே ஒற்றுமை.

இதற்கு வழி என்ன? நம் மாவட்டத்து உத்திரமேரூர் கல்வெட்டுகளைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்று அச்சபையார் விதித்தனர். நம்பிக்கையை அவர்கள் நல்ல மனத்துக்கு மட்டும் விட்டுவிடவில்லை, கணக்கின்மேல் நிறுத்தினர்.

இக்காலத்திலும் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் இதை ஒட்டியே தீர்ப்பளித்தது. வாய்மொழி உத்தரவை மட்டும் நம்பி அதிகாரிகள் நடத்தலாகாது, அது எழுத்தில் பதிவாக வேண்டும். ஒரு பதவியில் குறைந்தபட்சக் காலம் அவர்களுக்கு உறுதிசெய்யப்பட வேண்டும் என்றது. ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போகிறவரை எவர் நம்பிக் கூட்டுவேலை தொடங்குவார்?

ஆகவே நான் வேண்டுவன மூன்று. ஆலைப் பகுதிக்குரிய இலாகாத் தலைவர்கள் மாதந்தோறும் ஓரிடத்தில் கூடி, இன்ன வேலை இன்னாருடையது, இன்ன நாளில் முடியும் என்று எழுதி வைக்கட்டும். அடுத்த கூட்டத்தில் அதைப் படிக்கட்டும். கெட்ட செய்தியை முதலில் கொண்டுவரும் கீழ்நிலை அதிகாரியைக் கடிந்துகொள்ளாதிருக்கட்டும். கடிந்தால் அடுத்த செய்தி வராது. தவறு நேர்ந்தால், தலைவர் முதலில் தம் பங்கை ஒப்புக்கொள்ளட்டும்.

இவை நமக்குப் புதியன அல்ல. 1904-ல் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பதிவான நாள் முதல், தீர்மானப் புத்தகமும் தணிக்கையும் திறந்த மகாசபையுமே நம்மைக் காத்து வந்துள்ளன. அவற்றை நாம் கைவிட்ட இடங்களில் சங்கங்கள் நலிந்ததையும் அறிவோம். அரசாங்கத்தார்க்கு இதைச் சொல்லும் தகுதி நமக்கு வேண்டுமானால், வரும் மகாசபையில் நம் சங்கத்துக் கணக்கை நாமே முதலில் கேட்போமாக.