கோட்டில் வெட்டாதீர்கள்

தங்கச்சியின் கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது அவளுடைய கூறைச் சாறியோடு வந்த பிளவுஸ் துணியை நான் வெட்டிக் கெடுத்தேன்.

ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் அம்மாவிடம் பிளவுஸ் தைக்காத தமிழ் அன்ரிமார் குறைவு. பகலில் தொழிற்சாலை, இரவில் தையல் மெஷின். அந்தச் சத்தத்தில்தான் நான் கணக்குப் படித்தேன். கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டபோது நானும் தைக்கப் பழகினேன். தலையணை உறை, பை, பிறகு எனக்கு இரண்டு சேர்ட். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்க அவ்வளவும் போதும்.

அம்மாவுக்கு இப்போது கண் முன்னைப்போல் இல்லை. பட்டின் உள்பக்கத்தில் காய்ந்த சோப்புத் துண்டால் கோடு கீறிவிட்டு, "தம்பி, இதை வெட்டி வை, நான் கோயிலுக்குப் போட்டு வாறன்" என்றார். நானும் அந்தக் கோட்டின் மேலேயே ஒரு மில்லிமீற்றர்கூட விலகாமல் வெட்டினேன். எவ்வளவு துல்லியம் என்று எனக்கே பெருமை.

அம்மா வந்து துண்டுகளைத் தூக்கிப் பார்த்தார்.

"கோட்டிலையோ வெட்டினனீ?"

"ஓம்."

"அது தைக்கிற கோடு ராசா. வெட்டுறது அதுக்கு வெளியால."

நான் பொறியியலில் முதுநிலைப் பட்டம் எடுத்தவன். கம்பெனிகளுக்குப் போய், "உங்கள் இரண்டு பிரிவுகளும் ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் பாவிக்கிறீர்கள், அதனால்தான் மென்பொருள் பிழைக்கிறது" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். என் வீட்டு மேசையில் ஒரே கோட்டுக்கு இரண்டு அர்த்தம் இருந்ததை நான் கேட்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் இப்போது தைக்கப் பழகுகிறீர்கள். அதைப் பார்க்கச் சந்தோசம். என் கருத்து ஒன்றுதான்: துணியில் இரண்டு கோடும் போடுங்கள். தைக்கிற கோடு ஒன்று, வெட்டுகிற கோடு ஒன்று. ஒன்றுதான் போட நேரம் இருக்கிறது என்றால் தைக்கிற கோட்டைப் போடுங்கள். யூரியூப்பில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் காட்டுகிறார்கள்.

ஏன் நேர்மாறு? 1863இல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் அளவு அளவாகத் தாளில் வெட்டிய பற்றேர்ண்களை விற்கத் தொடங்கினார். ஆரம்ப காலப் பற்றேர்ண்களில் அச்சடித்த கோடே கிடையாது. மெல்லிய தாளில் ஓட்டைகள் மட்டும் இருக்கும். அச்சுக் கோடு வந்தது பிறகுதான். இன்று பெரிய அமெரிக்கக் கம்பெனிகளின் பற்றேர்ணில் ஓரத்திலிருந்து 5/8 அங்குலம் தையலுக்கு என்று முன்கூட்டியே சேர்த்திருக்கும். எல்லா ஓரத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால், ஓரத்தை மெஷின் தகட்டில் உள்ள கோட்டோடு பிடித்துக்கொண்டு ஓடினால் போதும். ஆனால் ஜேர்மனியின் பூர்டா சஞ்சிகையோடு வரும் தாள்களில் தையலுக்கான துணி சேர்க்கப்படுவதில்லை. அங்கே தாளின் கோடுதான் தைக்கிற கோடு. நீங்கள்தான் வெளியே கூட்டி வெட்டவேண்டும். ஆக, உலகத்துக்கே பொதுவான ஒரு வழக்கம் இல்லை. கோட்டைப் பார்த்து அது எந்தக் கோடு என்று சொல்லமுடியாது.

எங்கள் சாறி பிளவுஸுக்கு வந்தால் அந்த 5/8 அங்குலக் கணக்கே சரிவராது. அம்மா கழுத்துக்குக் கால் அங்குலம் விடுவார். கைக்குழிக்கு அரை அங்குலம். பக்கத் தையலுக்கு ஒன்று, சிலவேளை ஒன்றரை அங்குலம். ஏன் அவ்வளவு? உடம்பு வைத்தால் பிரித்துப் பெருப்பிக்கலாம். உங்கள் அம்மாவின் பழைய பிளவுஸ் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், பக்கத்தில் இரண்டு மூன்று வரி தையல் சமாந்தரமாக ஓடும். ஒரு பிளவுஸ் இருபது வருசம் உழைக்கவேண்டும் என்று யோசித்த ஆட்கள் கண்டுபிடித்த வேலை அது. இப்படி ஒவ்வொரு ஓரத்துக்கும் வேறு வேறு அளவு இருக்கும்போது, வெட்டிய ஓரத்தை நம்பித் தைத்தால் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

"ஒரு மூன்று மில்லிமீற்றர் பிசகினால் என்ன?" என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். பிரின்சஸ் கட் பிளவுஸில் முன்பக்கம் இரண்டு நீளத் தையல், பக்கத்தில் இரண்டு. நான்கு தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு ஓரம், மொத்தம் எட்டு ஓரம். ஒவ்வொரு ஓரத்திலும் 3 மில்லிமீற்றர் கூடத் தைத்தால் 24 மில்லிமீற்றர் குறையும். ஏறத்தாழ ஒரு அங்குலம். 36க்கும் 38க்கும் வித்தியாசமே இரண்டு அங்குலம்தான். அரை சைஸ் போய்விட்டது, ஹூக் பூட்டமுடியாது. நீங்கள் செய்த பிழையோ ஒரு மொட்டைச் சோக் கோட்டின் தடிப்பு.

என் நண்பன் ஒருவன் சொன்னான், "உன் அம்மா இரண்டு கோடு போடுறதில்லைத்தானே? கண்ணளவில வெட்டுறா. நாங்கள் மட்டும் ஏன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி?" நியாயமான கேள்வி. அம்மாவின் கண்ணளவு மந்திரம் இல்லை. ஆயிரக்கணக்கான பிளவுஸ் அவர் கையில் ஏறியிருக்கிறது. அவர் இரண்டாவது கோட்டை விட்டது அது தேவையில்லை என்பதற்காக அல்ல, அது அவர் கைக்குள் போய்விட்டது என்பதற்காக. எங்கள் கைக்குள் இன்னும் போகவில்லை. நாங்கள் துணியில்தான் போடவேண்டும்.

நேரம் வீண் என்றும் சொல்வார்கள். எனக்கு ஒரு பிளவுஸுக்கு இருபது நிமிடம் கூடச் செலவாகிறது. பட்டில் பிழையாகத் தைத்துப் பிரித்தால் ஊசி ஓட்டை அப்படியே நிற்கும். அதை எந்த இருபது நிமிடமும் திருப்பித் தராது.

செய்யத் தொடங்குகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

முதலில் துணியை அயன் பண்ணுங்கள். சுருக்கத்தின் மேல் போட்ட கோடு, சுருக்கம் போனதும் கோணலாகும்.

சோக்கைக் கூராக்குங்கள். காய்ந்த மெல்லிய சோப்புத் துண்டு இன்னும் நல்லது. எதுவானாலும் ஒரு வெட்டுத் துண்டில் போட்டு, அது போகிறதா என்று பார்த்த பிறகே நல்ல துணியில் போடுங்கள்.

சூடுபட்டால் மறையும் பேனாவை நம்பவேண்டாம். அந்த மை கடுங்குளிரில் திரும்பி வரும். ரொறன்ரோ ஜனவரியில் காருக்குள் விட்ட என் சேர்ட்டில் நான் கீறிய கோடெல்லாம் எழும்பி வந்தது.

துணியை மடித்து வெட்டும்போது மேல் மடிப்பில் மட்டும்தான் கோடு இருக்கும். கீழ் மடிப்புக்கும் அதைக் கொண்டுபோங்கள். அம்மா இரண்டு துண்டையும் கோடு உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கையால் தட்டுவார். சோக் மற்றப் பக்கத்தில் ஒட்டும். பட்டுக்கு, இரண்டு மடிப்பையும் சேர்த்துத் தளர்வாக நூல் ஓட்டி, மெதுவாக விரித்து இடையில் நறுக்கினால் இரண்டு பக்கமும் நூல் நிற்கும். பொறுமை வேண்டும், ஆனால் கறை இல்லை.

தைக்கிற கோட்டை முழுக் கோடாகவும் வெட்டுகிற கோட்டைப் புள்ளிக் கோடாகவும் போடுங்கள். அல்லது மாறி. எதுவென்றாலும் எப்போதும் ஒரே மாதிரி. மற்ற ஆளிடம் கத்தரிக்கோலைக் கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்.

தங்கச்சியின் பிளவுஸுக்கு என்ன நடந்தது? அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். சாறியில் இடுப்புக்குள் செருகுகிற தலைப்பிலிருந்து ஒரு பட்டி வெட்டி, இரண்டு கைக்குக் கீழும் பக்கத்துண்டு வைத்தார். கழுத்தை மடிக்கத் துணி இல்லாததால் பைப்பிங் வைத்தார். மணவறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. தங்கச்சிக்குத் தெரியும், கையைத் தூக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அம்மாவோடு இருந்து அவருடைய அளவுகளை ஒரு கொப்பியில் எழுதுகிறேன். கழுத்துக்குக் கால், கைக்குழிக்கு அரை. சிலவற்றைக் கேட்டால் "அது பாத்துத்தான் விடுறது" என்பார். அப்போது துணியைக் கொடுத்து வெட்டச் சொல்லி, வெட்டிய பிறகு நான் அளக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே அளவுதான் வருகிறது. அவருக்கே அது ஆச்சரியம்.

உங்கள் வீட்டிலும் தைக்கிற அம்மா, அம்மம்மா, மாமி யாராவது இருந்தால், அடுத்த முறை அவர் கோடு கீறும்போது பக்கத்தில் இருங்கள். கத்தரிக்கோலை எடுக்கமுன் கேளுங்கள்: இது எந்தக் கோடு?