ஒழுக்கம் ஆட்டக்காரருக்கு மட்டுமா?

விளையாட்டு உலகில் ‘தொழில்முறை ஒழுக்கம்’ என்ற தொடர் எப்போதும் ஆட்டக்காரரை நோக்கியே ஏவப்படுகிறது. பணத்தைக் கையாளும் போட்டி ஏற்பாட்டாளரை அது தீண்டுவதில்லை. மேசைக்கோற்பந்தின் அண்மை வரலாறு இதற்குத் தக்க சான்று.

2023 ஜூனில், ஆட்ட முறைகேடுகளுக்காகப் பத்துச் சீன ஸ்னூக்கர் ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டனர். லியாங் வென்போ, லி ஹாங் இருவருக்கும் ஆயுள் தடை. ஜாவ் சின்டாங்குக்கு 20 மாதத் தடை. தடைக்காலம் முடித்துத் திரும்பிய ஜாவ் 2025இல் உலகப் பட்டம் வென்றார். விசாரணை, தீர்ப்பு, மீள்வரவு அனைத்தும் ஊரறிய நிகழ்ந்தன. அதுவே முறை.

இனி மறுபக்கம். அமெரிக்க வணிகர் கெவின் ட்ரூடோ தொடங்கிய ஐ.பி.டி. என்னும் எட்டுப் பந்துப் போட்டித் தொடர், 2006 செப்டம்பரில் ரீனோ நகரில் முதற்பரிசாக 5 லட்சம் டாலரை அறிவித்தது. பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ் வென்றார். ஆனால் வென்றவர்களுக்குப் பரிசுத்தொகை உரிய காலத்தில் கிடைக்கவில்லை. பின்னர் தவணை தவணையாகவே வந்தது. தொடரும் நின்றது. 2014இல் ட்ரூடோ பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்; அதுவோ உடல் எடைக் குறைப்பு நூலொன்றின் விளம்பரம் தொடர்பான நீதிமன்ற அவமதிப்புக்காக. ஆட்டக்காரர் பட்ட அலைச்சலுக்கு அத்தீர்ப்பில் இடமில்லை.

வணிகத்தில் இழப்பு இயல்பு என்பர். உண்மை, இழப்பு குற்றமன்று. கையில் உறுதிப்படாத தொகையைப் பரிசென அறிவித்து, அதை நம்பிப் பிறரைத் திரட்டுவதே முறைகேடு.

மும்பைக்கு இது அயல்நாட்டுக் கதையன்று. மைக்கேல் ஃபெரேராவைத் தந்த நகரம் இது. 1981இல் பத்மஸ்ரீயை மறுத்து, கவாஸ்கருக்கு இணையான மதிப்பை வாதாடிக் கேட்டு, 1983இல் பத்மபூஷண் பெற்றவர் அவர். அவ்வாறு வாதாட உலகப் பட்டத்தின் வலிமை வேண்டும். தாராவியிலும் செம்பூரிலும் கேரம் பலகையில் வளரும் தமிழ் இளைஞருக்கு அவ்வலிமை ஏது? பரிசு தாமதமானால் ஜிம்கானா உறுப்பினருக்கு அது மனக்குறை. நாட்கூலியை இழந்து ஆட வந்தவருக்கோ வாடகைப் பாக்கி. 2024 உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற சென்னை காசிமாவுக்குத் தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபாய் வழங்கியது போற்றத்தக்கது. எனினும் அது அரசின் கொடை. ஆட்டத்தின் ஊதிய ஒழுங்கன்று.

2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கூட்டமைப்புகளை நெறிப்படுத்த முனைகிறது. தனியார் ஏற்பாட்டாளரின் வாக்குறுதிக்கும் கடிவாளம் வேண்டும். அறிவிக்கும் பரிசுத்தொகை முழுவதையும் போட்டிக்கு முன்பே பொறுப்பு வங்கிக் கணக்கில் செலுத்தவேண்டும். வழங்கும் நாளை நுழைவுப் படிவத்திலேயே குறிப்பிடவேண்டும். தவறுவோருக்கு மறுமுறை அனுமதி கூடாது.

ஈழத்தமிழ் வழக்கில் ‘பொறுப்புக்கூறல்’ என்றொரு சொல் உண்டு. பொறுப்பை யார் தலையிலும் சுமத்திவிடலாம். கூறுவதற்கோ கேட்பவர் ஒருவர் வேண்டும். நுழைவுக் கட்டணம் செலுத்தும் ஒவ்வோர் ஆட்டக்காரரும் அவ்வாறு கேட்கும் உரிமை உடையவரே.